வணக்கம் இல்லாத வீடு

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் போனில் ஒரு "சரி" சொன்னேன். மச்சான் கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சரி ஞாயிற்றுக்கிழமை காலை தோளில் ஒரு பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அண்ணன் என்பதும் சில நிமிஷ வித்தியாசத்தில்தான். இருவரும் இரட்டையர். பிறக்கும்போது அவர் முந்திக்கொண்டார். போகும்போது அவள் முந்திக்கொண்டாள்.

சில்லு அவரோடு போகப்போகிறாள். சில்லு என் மகள். இரண்டாம் வகுப்பு. மச்சான் ஊரில் பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது. அவர் மனைவி வீட்டில்தான் இருக்கிறார், குழந்தை இல்லை. இங்கே நான் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவேன். அதுவரை கீழ் வீட்டு டைலரம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில், துணிக் குவியல்மேல் உட்கார்ந்து சில்லு வீட்டுப்பாடம் எழுதுவாள். யாரைக் கேட்டாலும் நியாயம் மச்சான் பக்கம்தான் என்பார்கள். என்னைக் கேட்டபோதும் அப்படித்தான் தோன்றியது.

சாயங்காலம் ரயில். பெட்டி தயார்.

மணி அடித்ததும் எழுந்தேன். எனக்கு முன்னால் சில்லு ஓடிவிட்டாள். கதவைத் திறந்து, இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, தொண்டையில் எதையோ அரைப்பதுபோல ஒரு சத்தம் எழுப்பினாள்.

"நுக்நெஹ்!"

"தண்ணி," என்றார் மச்சான். "ஒரு பெரிய டம்ளர். அப்புறம் நீ."

"தண்ணி சமையலறையில இருக்கு. என்னை நீங்கதான் தூக்கணும்."

தூக்கினார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதே மொழியில் ஏதோ சொன்னாள். அவர் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். மச்சான் சிரித்தால் மூக்கு சுருங்கும். என் மனைவிக்கும் அப்படித்தான் சுருங்கும். இப்போதும் அவருக்குச் சுருங்கியது. அந்த முகத்தில் ஒரு பாதியை அவர் இன்னும் வைத்திருக்கிறார். எனக்குச் சுவரில் ஒரு போட்டோ.

பிறகுதான் என்னைப் பார்த்தார். முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"மாப்ளே. எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். வாங்க மச்சான். பயணம் சௌகரியமா?"

"சௌகரியம்."

எனக்கு மட்டும் மரியாதை.

முதல் அத்தியாயத்தில் சொன்னதுதான், புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு முறை. அது கிளிங்கான். விண்வெளித் தொடர் ஒன்றில் வரும் முரட்டு வீரர்களுக்காக ஒருவர் உட்கார்ந்து செய்த மொழி. இலக்கணம் உண்டு. அகராதி உண்டு. வணக்கம் கிடையாது. ஹலோ, சௌக்கியமா, சாப்பாடு ஆச்சா எதுவும் கிடையாது. யாரையாவது தேடிப் போய் நின்றால் அவர் "நுக்நெஹ்" என்பார். என்ன வேணும் என்று அர்த்தம். வேண்டியதைச் சொல்ல வேண்டும். பேச்சு முடிந்தால் திரும்பி நடக்க வேண்டும். போய்ட்டு வரேன் என்ற வழவழா கொழகொழா இல்லை. ரொம்பப் பிரியமானவர் என்றால் "கப்லா" என்று ஒரு சொல் உண்டு. வெற்றி என்று அர்த்தம்.

பள்ளிக்கூட நாளில் அண்ணனும் தங்கையும் அகராதியை வைத்து அதைப் படித்தார்கள். அப்பா அம்மாவுக்குப் புரியாமல் சண்டை போட ஒரு பாஷை வேண்டியிருந்தது. பெரியவர்களான பிறகும் விடவில்லை. போனில் அதில்தான் பேசுவார்கள். சில்லு பேச ஆரம்பித்ததும் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

என் மனைவி எனக்கும் ஒருமுறை சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்.

"அந்தக் கடைசி ஹ்-ஐ நல்லா உரசிச் சொல்லுங்க."

சொன்னேன்.

"கொட்டாவி விடற மாதிரி இருக்கு."

விட்டுவிட்டேன். அவளும் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு சமையலறைப் பக்கம் போனால் "நுக்நெஹ்" என்பாள். "சும்மாதான்" என்பேன். "சும்மாவுக்கெல்லாம் அங்க வார்த்தை இல்ல, வேற சொல்லுங்க" என்பாள். எனக்கு வேறு வராது. நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

போனை அவள் வைக்கிற விதமும் அப்படித்தான். சொல்ல வந்ததைச் சொல்வாள், வைத்துவிடுவாள். நான் பல தடவை செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்றிருக்கிறேன்.

மச்சானிடமும் அப்படித்தான் வைத்திருப்பாள். ஆனால் அவருக்கு அது பழக்கம். எனக்கு அது ஒவ்வொரு முறையும் முகத்தில் அறைந்து சாத்திய கதவு.

கடைசி நாளும் அவரிடம்தான் பேசினாள். ஆஸ்பத்திரியில் மச்சான் தலைமாட்டில் குனிந்திருந்தார். நான் கால்மாட்டில், போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு வாக்கியம். தொண்டையிலிருந்து, அந்த மொழியில். மச்சான் தலையை ஆட்டினார். பிறகு அவள் பேசவில்லை.

என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்டால் அவருக்குத்தான் அது சொந்தம் என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். கேட்காமலேயே ஆகிவிட்டது.

*

என் வேலை பல் செய்வது. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். நான் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, ஈறு செய்து அனுப்புவேன். யார் வாய் என்று தெரியாது. அது என்ன பேசும் என்றும் தெரியாது. எனக்கு ஏற்ற வேலை.

அதனால் சில்லுவின் முன்பல் விஷயம் எனக்குச் சாதாரண விஷயம் இல்லை. மேல் வரிசை, இடது முன்பல். சில வாரமாக ஆடுகிறது. மேலே விழப்போகும் முதல் பல். அவள் ரொட்டியைக் கடிக்கும்போது, சிரிக்கும்போது, தூங்கும்போது வாய் லேசாகத் திறந்திருக்கும்போது பார்ப்பேன். நாக்கால் தள்ளித் தள்ளி அதைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துவிட்டாள். இன்றோ நாளையோ விழும் என்று நேற்றே தெரிந்தது.

லேபில் ஒற்றைப் பல் அனுப்புவதற்குச் சின்னப் பெட்டிகள் வைத்திருப்போம். நகத்தளவு மூடி, உள்ளே பஞ்சு. ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ரயில் ஏறுவதற்கு முன் விழுந்தால் எனக்கு. அதுதான் கணக்கு.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா போன் செய்தார்.

"ஒரு பேஷண்டோட மேல் பல் செட் நடுவுல ரெண்டா ஒடஞ்சு வந்திருக்கு. நாளைக்கு அவரு மேடையில பேசணுமாம். மதியத்துக்குள்ள முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை. மகள் ஊருக்குப் போகிற நாள்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். சில்லு மச்சானின் மடியில் உட்கார்ந்து அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என் மடியில் எப்போது கடைசியாக உட்கார்ந்தாள் என்று யோசித்தேன். வரவில்லை.

"முடியும்," என்றேன்.

*

லேபில் பல் செட்டை மெருகேற்றும் பாலிஷ் அண்ணன் மட்டும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வருவார். வீட்டில் மருமகள் பேச்சைக் கேட்பதற்கு மோட்டார் சத்தம் பரவாயில்லை என்பார்.

உடைந்த இரண்டு துண்டையும் பொருத்திப் பிடித்து ஒட்டினேன். அடியில் பிளாஸ்டர் ஊற்றிக் காயவைத்தேன். விரிசலை அகலமாக ராவினேன். ரோஸ் நிறத் தூளைத் தூவி, திரவம் சொட்டி, மறுபடி தூவினேன். முன்பல் ஒன்று ஓரம் பெயர்ந்திருந்தது. நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து மாற்றுப் பல் எடுத்தேன். கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது.

"இன்னிக்குத்தானே குழந்தை கிளம்பறா?" பாலிஷ் அண்ணன் மோட்டாரை நிறுத்தினார்.

"ஆமா."

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"பல்லு."

"அது தெரியுது. அனுப்ப மனசு இருக்கா?"

"அவர்கிட்ட நல்லா இருப்பா."

"நான் அதைக் கேக்கல."

செட்டை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து மூடினேன்.

"வேணாம்னு சொல்றதுக்கு வாய் இல்லையா மனுஷனுக்கு?" என்றார். "ஊருக்கெல்லாம் வாய் செஞ்சு குடுக்கறீங்க. உங்களுக்குன்னு ஒண்ணு செஞ்சு வெச்சுக்கக் கூடாதா? சைஸ் வேணா நான் அளவு எடுக்கறேன்."

"அண்ணே, மோட்டாரைப் போடுங்க."

"போடறேன் போடறேன். இவருக்கு என் வாயைவிட மோட்டார் தேவலாம்." போட்டார். நுரைக்கல் தூளைக் குழைத்துச் சக்கரத்தில் அப்பினார். சத்தத்துக்கு மேலே கத்தினார்: "நான் கேட்டது காதுல விழுந்துச்சுல்ல?"

விழுந்தது.

*

படியேறும்போதே சிரிப்பு கேட்டது. கதவு திறந்திருந்தது. சில்லு நடுக்கூடத்தில் நின்றிருந்தாள். மோவாயில் கொஞ்சம் ரத்தம் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாயை அகலத் திறந்து காட்டினாள்.

மேல் வரிசையில் ஒரு ஓட்டை.

"மாமா பிடுங்கினாரு! டைலரம்மாகிட்ட நூலு வாங்கி, இதுல கட்டி, அதைக் கதவுல கட்டி, டமால்னு! வலிக்கவே இல்லப்பா. நான் கத்தினேன், ஆனா வலிக்கல."

சட்டைப் பையில் பெட்டி இருந்தது. கை அங்கே போய்த் திரும்பிவிட்டது.

"பல்லு எங்க?"

மச்சான் தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "பத்திரமா இருக்கு. எனக்குக் குடுத்துட்டா." காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். அந்தச் சிரிப்பு. அந்த மூக்கு.

"கேட்டிருக்கலாம்," என்றேன்.

"யாரை?"

"என்னை. பிடுங்கறதுக்கு முன்னாடி."

"ஆடற பல்லுதானே மாப்ளே."

"ஆடற பல்லுன்னு உங்களுக்கு இன்னிக்குத் தெரியும். எனக்கு அது எந்த நாள்ல ஆட ஆரம்பிச்சதுன்னு தெரியும். என் வேலையே அதுதான். அழுக்கு நூல். கதவு. வேர் உள்ள ஒடஞ்சிருந்தா?"

"ஒடயல."

"ஒடஞ்சிருந்தா?"

குரல் உயர்ந்துவிட்டது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மச்சான் எழுந்து நின்றார்.

"மாப்ளே, நீங்க பல்லுக்காகப் பேசறீங்களா, வேற எதுக்காவது பேசறீங்களா?"

"பல்லுக்காகத்தான்."

"அப்ப சரி. அவதான் பிடுங்கச் சொன்னா. நான் தொடக்கூட இல்ல, அவளாத்தான் கதவைச் சாத்தினா."

நான் சில்லுவின் பக்கம் திரும்பினேன். "அப்பா வர்ற வரைக்கும் இருந்திருக்கலாம்ல?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஓட்டை மறைந்தது.

"எதுக்கு?"

"எனக்கு அந்தப் பல்லு வேணும்னு வெச்சிருந்தேன்."

"பொய்," என்றாள்.

"என்ன பொய்?"

"உனக்கு ஒண்ணும் வேணாம். நான் தினமும் கேக்கறேன்ல? நீ வந்து ரூம் வாசல்ல நிப்பே. நான் நுக்நெஹ்னு கேப்பேன். நீ ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டுப் போயிடுவே. நேத்துகூடக் கேட்டேன். பல்லு வேணும்னா அப்பவே சொல்லியிருக்கலாம். மாமா கேட்டாரு. கேட்டவங்களுக்குத்தானே குடுக்கணும்?"

அழவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லி முடித்ததும் திரும்பி அறைக்குள் போய்விட்டாள். அவள் அம்மா போனை வைக்கிற மாதிரி.

கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். மச்சான் மெதுவாக உட்கார்ந்தார்.

"நிஜமாவா மாப்ளே?"

"என்ன?"

"தினமும் அவ கேப்பா, நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்லுவீங்களா?"

"வேற என்ன சொல்றது? சும்மா பார்க்கத்தான் போவேன்."

அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சட்டம் இருந்தது. சின்ன வயசுல வெச்சுக்கிட்டது. அகராதியில இல்ல, எங்க சட்டம். நுக்நெஹ்னு கேட்டா நிஜத்தைச் சொல்லணும். எது நிஜமா வேணுமோ அதை. வெக்கமா இருந்தாலும் சரி. பொய் சொன்னா அன்னிக்கு முழுக்கப் பேச்சு இல்ல. அவ அதைக் குழந்தைக்கும் சொல்லிக் குடுத்திருக்கா." நிறுத்தினார். "ஒருத்தரைத் தேடிப் போய் நின்னுட்டு ஒண்ணும் வேணாம்னு சொன்னா, உன்கிட்ட எனக்கு எதுவும் இல்லன்னு அர்த்தம். சண்டையில பேசற கடைசிப் பேச்சு அது."

எத்தனை சாயங்காலம் என்று எண்ணப் பார்த்தேன். எண்ணாமல் விட்டேன்.

"போன மாசம் போன்ல சொன்னா," என்றார் மச்சான். "அப்பாவுக்கு நான் வேணாம் மாமான்னு. நீங்க ஏதோ திட்டியிருப்பீங்கன்னு நினைச்சேன். அதான் கேட்டேன், அழைச்சுக்கிட்டுப் போகவான்னு. நீங்களும் உடனே சரின்னீங்க."

*

அறை வாசலில் போய் நின்றேன். எப்போதும் நிற்கிற இடம். நிலையில் என் தோள் பட்டுப் பட்டு ஒரு இடம் மங்கியிருக்கிறது.

சில்லு பெட்டியின் ஜிப்போடு போராடிக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையின் கை அதில் மாட்டியிருந்தது. நான் நிற்பது அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை.

முதல் தடவையாகக் கேட்கவில்லை.

இத்தனை நாள் அந்தச் சத்தம் எனக்கு எரிச்சல். அவர்கள் வீட்டுச் சத்தம். என்னை வெளியே நிறுத்துகிற சத்தம். இப்போது அது வராதா என்று நின்றேன். டைலரம்மாவின் மெஷின் கீழே ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

நிலையில் விரலால் தட்டினேன்.

அவள் திரும்பவில்லை. ஜிப்பை விட்டுவிட்டாள். கொஞ்சம் கழித்து, பெட்டியைப் பார்த்தபடியே, சத்தமே இல்லாமல் சொன்னாள்.

"நுக்நெஹ்."

"ஒண்ணு..."

நாக்கு அதுவாகப் புரண்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். மூச்சு விட்டேன்.

"நீ," என்றேன்.

"என்ன நான்?"

"நீ வேணும். நீ போக வேணாம். இங்க இருக்கணும்."

இப்போது திரும்பினாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. விசாரணை.

"எதுக்கு?"

எதுக்கு. அந்த மொழி பேசுகிறவர்கள் விடமாட்டார்கள்.

"சாயங்காலம் வந்தா இந்த வாசல்ல நிக்கணும். நின்னா நீ கேக்கணும்."

"கேட்டா?"

"சொல்லுவேன்."

"ஒண்ணுமில்லன்னா?"

"அன்னிக்கு முழுக்க என்கூடப் பேசாதே."

யோசித்தாள். நாக்கு ஓட்டைக்குள் போய் வந்தது.

"இப்ப வேற என்ன வேணும்?" தமிழில்தான் கேட்டாள். எனக்காக இறங்கி வந்திருந்தாள்.

"அந்த ஓட்டையைப் பார்க்கணும். ஒழுங்காக் காட்டு. ஜன்னல்கிட்ட வா."

வந்தாள். முட்டி போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறந்தாள். நூற்றுக்கணக்கான வாய்களின் அச்சைக் கையில் பிடித்திருக்கிறேன். எல்லாம் பிளாஸ்டர். இதில் சூடு இருந்தது. காலையில் தின்ற ரொட்டி வாசனை இருந்தது. கைக்குட்டையால் ஈறை மெல்ல ஒற்றினேன். வேர் சுத்தமாக வந்திருந்தது. அடியில், சிவப்புக்குள்ளே, ரம்பம் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

"புதுசு வருது."

"நிஜமாவா? எப்ப வெளிய வரும்?"

"கொஞ்ச நாள் ஆகும். முதல்ல நுனி மட்டும் தெரியும். தொட்டா நறநறன்னு இருக்கும்."

"அதை யாரு பார்ப்பா?"

"நான்."

"தினமுமா?"

"தினமும்."

"மாமா பாவம்," என்றாள். "அத்தை எனக்குன்னு ரூமுக்கு மஞ்சப் பெயிண்ட் அடிச்சிருக்காங்களாம்."

"மாமாகிட்ட நான் பேசறேன்."

"சரி." பெட்டியைப் பிடித்து இழுத்தாள். ஜிப் அறுந்து, துணியெல்லாம் தரையில் கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்விட்டாள். தண்ணீர் குடிக்க.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முட்டி வலித்தது. வலித்தது தெரிந்தது.

*

மச்சானுக்கு எல்லாம் கேட்டிருந்தது. சின்ன வீடு. வாசல் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பை தோளில். கீழே டாக்ஸி வந்து ஒலி எழுப்பியது.

"மச்சான்."

"கேட்டுச்சு."

"போன வாரம் நான் சொன்னது..."

"ஸ்கூல்ல சேர்த்தாச்சு. என் வீட்டுக்காரி திரைச்சீலைகூடத் தைச்சு மாட்டிட்டா. இப்ப வீட்டுக்குப் போய் அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"என் தப்புன்னு சொல்லுங்க."

"அது சொல்லாமலே தெரியும்." ஷூ கயிற்றை இழுத்தார். அறுந்துவிடும்போல. "உங்களுக்கு என்ன மாப்ளே, கடைசியில வாயைத் திறந்தீங்க, முத்துக் கொட்டிருச்சு. அந்த மொழியில என்கூடப் பேச ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தி போயிட்டா. இன்னொருத்தி இன்னிக்கு என் வீட்டுக்கு வரணும்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் அவரைப் பார்க்கிற பார்வை. இத்தனை வருஷம் கண்ணாடியில் மட்டும் பார்த்திருந்தேன்.

சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினேன்.

"காகிதத்துல வெச்சா நொறுங்கிடும். இதுல வெச்சுக்குங்க."

பெட்டியைத் திறந்தார். பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். எதற்காக அதை வைத்திருந்தேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பல்லை அதில் வைத்து மூடினார். எழுந்தார். இறங்கிப் போனார்.

வரேன் மாப்ளே என்று சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்குங்க என்று சொல்லவில்லை. எங்கள் பழக்கத்தில் முதல் தடவையாக என்னிடம் மரியாதை பார்க்காமல் போனார்.

சில்லு சமையலறையிலிருந்து ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கத்தினாள். "கப்லா, மாமா!"

கீழேயிருந்து பதில் வரவில்லை.

நான் இறங்கினேன். செருப்பு போடவில்லை. டைலரம்மா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தெருவில் டாக்ஸியின் கதவு திறந்திருந்தது. பை உள்ளே போய்விட்டது. மச்சான் ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். என் காலடி கேட்டுத் திரும்பினார். கண் சிவந்திருந்தது. கோபமா வேறா, தெரியவில்லை.

"நுக்நெஹ்?"

என்னிடம்தான் கேட்டார். மாப்ளே இல்லை, எப்படி இருக்கீங்க இல்லை. கொட்டாவி விடுகிற மாப்பிள்ளையிடம் அந்த வீட்டில் பிறந்த ஒருவர் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

நிஜத்தைச் சொல்ல வேண்டும். சட்டம்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவ உங்ககிட்ட ஒண்ணு சொன்னா," என்றேன். "நான் கால்மாட்டுல நின்னுட்டிருந்தேன். எனக்குப் புரியல. அன்னிலேர்ந்து உங்களைப் பார்த்தா எனக்கு அது ஒண்ணுதான் தோணும். பல்லை நீங்க வெச்சுக்குங்க. அந்த வாக்கியம் எனக்கு வேணும்."

மச்சான் உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார்.

"சார், ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் டிரைவர்.

மச்சான் அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கையிலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்கிட்ட சொன்னது இல்ல," என்றார். "உங்ககிட்ட சொல்லச் சொல்லி என்கிட்ட குடுத்தது. அவளுக்கு அப்ப வேற பாஷை வரல."

"பின்ன ஏன்..."

"நான்தான் குடுக்கல. அவ கடைசியாப் பேசினது, அந்த மொழியில. என்கிட்ட அது ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு." பெட்டியைச் சட்டைப் பையில் போட்டார். "நீங்களும் கேக்கல. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே இருந்தீங்க. சௌகரியமாப் போச்சு."

உள்ளே கை விட்டுப் பையை இழுத்து எடுத்தார். டாக்ஸியின் கதவைச் சாத்தினார். டிரைவர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

"மேல வாங்க, சொல்றேன்," என்று மச்சான் எனக்கு முன்னால் படியேற ஆரம்பித்தார்.